ஓடாமல் ஒரு பயணம்



இந்த மாதம் பயணத்தைப் பற்றிப் பேசுவோம். "நாங்கள் போகாத ஊரா?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். உரப்பையில் உடுப்பை அடைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து எத்தனையோ ஊர்கள் நடந்திருக்கிறோம். ஆனால் விரும்பிப் புறப்பட்டு, பார்த்து மகிழ்ந்து, சொன்ன நாளில் வீடு திரும்பிய பயணங்கள் எத்தனை? விரல் மடக்கிப் பாருங்கள்.

ஒருகொடவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு கணவனும் மனைவியும் அண்மையில் நெடுந்தீவுக்குப் போய் வந்தார்கள். கலியாணமாகிப் பதினான்கு வருடங்களில் இதுதான் அவர்களின் முதல் உல்லாசப் பயணம். மனைவி கிளிநொச்சியைச் சேர்ந்தவர். 2009இல் ஓமந்தையைக் கடந்து வந்தவர்.

பயணம் நீண்டது. இரவு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் விடியற்காலை யாழ்ப்பாணம். பிறகு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகு. ஆனாலும் முன்னைய நாட்களை நினைத்தால் இது இலகு. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக் கிடந்தோம். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

ஓமந்தை நெருங்கியதும் மனைவிக்கு நித்திரை போய்விட்டது. மடியில் ஒரு பை. அதற்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பழைய இடம்பெயர்வுப் பதிவுகள்.

"இரண்டு நாள் பயணத்துக்கு உறுதி எதற்கு?" என்றார் கணவர்.

"இஞ்சாருங்கோ, இது இல்லாமல் நான் தூர இடத்துக்கு வெளிக்கிட்டதே இல்லை."

கணவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் பார்த்துக்கொள்ளுறன், நீர் கொஞ்சம் கண்ணயரும்" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பழக்கத்தைக் கண்டு யாரும் சிரிக்க வேண்டாம். ஒரு கடதாசி தொலைந்தால் நிவாரணமும் காணியும் கைநழுவும் என்று பட்டு அறிந்தவர்கள் நாங்கள். பயம் தானாக இறங்கும்வரை, அதைச் சுமக்க இன்னொரு கை கிடைத்தால் அதுவே பெரிய ஆறுதல்.

முருகைக்கல் அடுக்கிய மதில்கள், கட்டாக்காலிக் குதிரைகள், பருத்த பெருக்குமரம் என்று நெடுந்தீவில் பார்க்கப் பல உண்டு. ஒல்லாந்தர் தங்கள் நகரொன்றின் பெயரையே இத்தீவுக்கு வைத்து 'டெல்ஃப்ட்' என்றார்கள். அங்கேதான் குமுதினிப் படகின் நினைவிடமும் இருக்கிறது. 1985 மே 15 அன்று அந்தப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இருவரும் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றார்கள். பிறகு கடலில் கால் நனைத்துச் சிரித்தார்கள். இரண்டும் ஒரே நாளில்தான். நாம் மகிழ்ந்தால் இறந்தவர்களை மறந்துவிட்டோம் என்று பொருளில்லை.

துணையை இழந்த சகோதரிகள், "எங்களை யார் கூட்டிப்போவார்?" என்று இருக்க வேண்டாம். சங்கத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து சிறு சீட்டுப் பிடியுங்கள். முதலில் பக்கத்து ஊர் போதும். கடலைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறதா? குளக்கரைக்குப் போங்கள். தீவுக்குப் போவதானால் படகு நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு அணியுங்கள். கிணறுகள் பலவற்றில் உவர்நீர் என்பதால் குடிதண்ணீர் கொண்டு போங்கள். பத்திரங்களின் பிரதிகளைப் பையில் வைத்து, மூலப்பிரதிகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.

இதுவரை நாம் புறப்படும் நாளை வேறு யாரோ குறித்தார்கள். இனிப் போகும் நாளையும் திரும்பும் நாளையும் நீங்களே குறியுங்கள்.