முடி எடுத்து முடி சூடியவர்

ஆபீஸ் கேன்டீனில் போன வாரம் ஒரு சர்ச்சை. சரித்திரப் படத்தில் ராணி வேஷம் போட என்ன தகுதி வேண்டும்? பக்கத்து ஸீட் தம்பி யோசிக்கவே இல்லை. "அழகா இருக்கணும் சார். கிரீடம், நகை, பட்டு... மத்ததை டைரக்டர் பாத்துப்பார்" என்றான். வடையைக் கடித்தபடி மூன்று பேர் தலையாட்டினார்கள்.

நான் க்ளெண்டா ஜாக்ஸன் என்று ஒரு பேரைச் சொன்னேன். "யாரு சார், மைக்கேலோட தங்கச்சியா?" என்றார்கள். இந்த வாரப் பக்கத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

1971-ல் பி.பி.சி. 'எலிஸபெத் ஆர்' என்று ஆறு பகுதிகளில் ஒரு டி.வி. நாடகம் போட்டது. ஒவ்வொன்றும் சினிமா நீளம். ஆறையும் எழுதியது ஆறு பேர். முதலாம் எலிஸபெத் எப்போது தலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்த இளவரசிப் பருவத்தில் தொடங்கி, 1603-ல் 69 வயதில் சாகிறவரைக்கும் ஒரே நடிகை. அந்த ராணியின் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள், நெற்றி பாதி மண்டை வரை போகும். ரப்பர் ஒட்டி, விக் வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. க்ளெண்டா அம்மணி முன்மண்டையைச் சிரைத்துக்கொண்டார். அப்போது வயது 34. 'விமன் இன் லவ்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியதும் அதே 1971-தான். அதாவது, மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போது மொட்டை. நம்மில் எத்தனை பேர் ஆபீஸ் வேலைக்காக மீசையை எடுப்போம்?

இப்போது உடுப்பு. கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் சைஸில் கஞ்சி போட்ட கொசுவக் காலர். உள்ளே மூச்சு முட்டும் கார்செட். கீழே வளையம் வைத்த பாவாடை. இதைப் போட்டுக்கொண்டால் பல நடிகைகள் பொம்மைக் கொலு ஆகிவிடுவார்கள், துணி மட்டும் நடிக்கும். இவர் அதற்குள் இருந்துகொண்டு மந்திரிகளை அதட்டுவார், காதலனைக் கிண்டலடிப்பார், கணக்குப் பார்ப்பார். பகுதிக்குப் பகுதி காலர் பெரிசாகும், முகத்தில் வெள்ளைப் பூச்சு தடிமனாகும், உள்ளே இருக்கிற பெண் மட்டும் சுருங்கிக்கொண்டே போவாள். கடைசியில், படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று படுக்கைக்குப் போக மறுக்கிற கிழவி.

நான் வீடியோ காஸெட்டில் இதைப் பார்த்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசிப் பகுதி முடிந்ததும், "பாவம்டா, இவ்வளவு நகை போட்டுண்டு, பக்கத்துல தனக்குன்னு ஒரு மனுஷாள் இல்லையா அவளுக்கு?" என்றாள். ஆறு எழுத்தாளர்கள் சொல்ல வந்தது அதுதான்.

அதே வருஷம் சினிமாவிலும் அதே ராணி. படம் 'மேரி, க்வீன் ஆஃப் ஸ்காட்ஸ்'. மேரியாக வனெஸ்ஸா ரெட்க்ரேவ். இரண்டு ராணிகளும் நேருக்கு நேர் நின்று இரண்டு தடவை மோதுவார்கள், பிரமாதமாக இருக்கும். சரித்திரத்தில் மேரியை 19 வருஷம் காவலில் வைத்து, 1587-ல் தலையை வாங்கிய எலிஸபெத், ஒரு தடவை கூட அவளை நேரில் பார்த்ததில்லை! போகட்டும், சினிமா.

இதோடு விட்டாரா? அதே 1971-ல் மோர்கம் அண்ட் வைஸ் என்கிற காமெடி ஜோடியின் டி.வி. ஷோவில் க்ளியோபாட்ரா வேஷம் கட்டிக் கோமாளித்தனம் பண்ணினார். அதைப் பார்த்த ஒரு டைரக்டர் கூப்பிட்டு 'எ டச் ஆஃப் க்ளாஸ்' படத்தில் போட, இரண்டாவது ஆஸ்கார். எலிஸபெத்துக்காக இரண்டு எம்மி தனி. ஆஸ்கார் வாங்க இரண்டு தடவையும் அவர் போகவில்லை. சிலைகள் இருந்தது அம்மா வீட்டில். அந்த அம்மாள் தினம் துடைத்துத் துடைத்தே தங்க முலாம் போய்விட்டதாம். அப்பா கொத்தனார். மகாராணி இளவயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர்.

1992-ல் நடிப்பை மூட்டை கட்டிவிட்டு லேபர் கட்சி எம்.பி. ஆனார். 23 வருஷம். 2010 தேர்தலில் ஜெயித்தது வெறும் 42 ஓட்டில். 2015-ல் அதையும் விட்டுவிட்டு, 80 வயதில் லண்டன் மேடையில் கிங் லியர். ராணியில்லை, ராஜா!

2019-ல் மறுபடி பி.பி.சி. மறதி நோய் பிடித்த கிழவி ஒருத்தி, காணாமல் போன தோழியைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறாள். கிரீடம் கிடையாது, காலர் கிடையாது, முகம் பூரா சுருக்கம். படத்தின் பேர் 'எலிஸபெத் இஸ் மிஸ்ஸிங்'. 2023 ஜூனில், 87 வயதில் காலமானார்.

தம்பியிடம் ஆறு பகுதியையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நேற்று கேன்டீனில் பிடித்துக்கொண்டான்: "சார், அந்த மொட்டை நிஜமாவே நிஜ மொட்டையா?"