ஆறு நாள் தள்ளிப்போன பைதான்: ஓப்பன் சோர்ஸ் உலகில் ரிலீஸ் தேதி ஏன் மாறுகிறது?

2024 அக்டோபர் 1-ம் தேதி வரவேண்டிய பைதான் 3.13, அக்டோபர் 7-ம் தேதிதான் வெளியானது. ஆறே நாள் தாமதம். பட ரிலீஸ் மாதக்கணக்கில் தள்ளிப்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். ஆனால், அந்த ஆண்டு ஓப்பன் சோர்ஸ் உலகில் தேதி மாறியது இது முதல்முறை அல்ல. ஏப்ரலில் உபுண்டுவின் பீட்டா பதிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குக் காரணம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகத் திட்டமிடப்பட்ட ஒரு சைபர் சதி.

தேதி தள்ளிப்போனால் வேலை சொதப்பிவிட்டது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஓப்பன் சோர்ஸில் அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைதானில் என்ன நடந்தது?

ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் ஏராளமான தகவல்களைச் சேர்த்து வைக்கும். தேவை முடிந்ததும் அவற்றைச் சுத்தம் செய்யும் வேலையை ‘கார்பேஜ் கலெக்டர்’ என்ற பகுதி செய்கிறது. மொத்தமாக ஒரே மூச்சில் பெருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும் புதிய முறை 3.13 பதிப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. நடுவில் நிரல் தடைபடுவதைக் குறைப்பதுதான் நோக்கம்.

ஆனால், சில வேலைகளில் வேகம் கணிசமாகக் குறைவது ரிலீஸுக்குச் சில நாள் முன்பு தெரியவந்தது. இந்தப் பதிப்பின் ரிலீஸ் மேனேஜர் தாமஸ் வவுட்டர்ஸ். புதிய முறையை நீக்கிவிட்டு, பழைய முறைக்கே திரும்புவது என்று முடிவானது.

சரி, நீக்கியாச்சு இல்ல, அன்றைக்கே வெளியிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்ப்பது எவ்வளவு ஆபத்தோ, நீக்குவதும் அவ்வளவு ஆபத்து. அந்தப் பகுதியை நம்பி எழுதப்பட்ட வேறு எதுவும் உடைந்ததா என்று பார்த்தாக வேண்டும். அதனால்தான், அக்டோபர் 1 அன்று இறுதிப் பதிப்புக்குப் பதில், முதலில் திட்டத்திலேயே இல்லாத மூன்றாவது ‘ரிலீஸ் கேண்டிடேட்’ வந்தது. அதாவது, இதுதான் கிட்டத்தட்ட இறுதி, எதற்கும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று கொடுக்கப்படும் பதிப்பு. அந்தச் சோதனைக்கான அவகாசம்தான் அந்த ஆறு நாள்.

தேதியா, தரமா?

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை இந்த விஷயத்தில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ‘தயாரானதும் வரும்’ என்பவர்கள். டெபியன் லினக்ஸ் இதற்குப் பேர்போனது. அதன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 3.1 பதிப்புக்கு 2005 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரத்தில் சமரசம் இல்லை, ஆனால் பயன்படுத்துபவர்கள் எதையும் திட்டமிட முடியாது.

இரண்டாவது வகை, காலண்டரை நம்புபவர்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004-ல் தொடங்கிய உபுண்டு, ஆண்டுக்கு இருமுறை ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகிறது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். பெயரிலேயே தேதி இருக்கிறது. பைதானும் 3.9 பதிப்பிலிருந்து ஆண்டுதோறும் அக்டோபரில் வெளியாகிறது.

காலண்டர் முறையின் பெரிய வசதி, அவசரப்படத் தேவையில்லை என்பதுதான். ஒரு புதிய வசதி தயாராகவில்லையா? இந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியும். அடுத்த பஸ் எப்போது வரும் என்றே தெரியாதபோதுதான் எல்லோரும் முண்டியடித்து ஏறப் பார்ப்பார்கள்.

அப்படியென்றால், காலண்டரை நம்புபவர்கள் எப்போது தேதியை மாற்றுகிறார்கள்?

ஏப்ரலில் உபுண்டு ஏன் நின்றது?

2024 மார்ச் 29. மைக்ரோசாஃப்ட் பொறியாளரும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் டெவலப்பருமான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் ஒரு தகவலை வெளியிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் மூலம் லாகின் செய்ய, வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகிறது. ஏன் என்று தோண்டியபோது, ஃபைல்களைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் ஒன்று இருப்பது தெரிந்தது. அந்தச் சாவியை வைத்திருப்பவர், பாதிக்கப்பட்ட சர்வர்களுக்குள் தொலைவிலிருந்தே புகுந்துவிட முடியும்.

உபுண்டு 24.04 பீட்டா வெளியாக அப்போது ஒரு வாரம்கூட இல்லை. பாதிக்கப்பட்ட பதிப்பு உபுண்டுவின் சோதனைப் பகுதி வரைதான் வந்திருந்தது. அதை மட்டும் நீக்கிவிட்டு, சொன்ன தேதியில் வெளியிட்டிருக்கலாம். ஆனால், அந்தப் பின்வாசல் இருந்த சூழலில் உருவாக்கப்பட்ட மற்ற மென்பொருள்களை எப்படி நம்புவது?

உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தீய நிரல் எக்ஸ்இசட்டில் சேர்க்கப்பட்டதற்குப் பிறகு உருவாக்கப்பட்ட எல்லா பேக்கேஜ்களையும் தூக்கிவிட்டு, புதிதாக அமைத்த சூழலில் மறுபடியும் உருவாக்க முடிவு செய்தது. அதற்காக பீட்டா, ஏப்ரல் 4-லிருந்து 11-க்குத் தள்ளிப்போனது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஏப்ரல் 25 என்ற இறுதித் தேதி மாறவில்லை. அன்றே 24.04 வெளியானது. இடையில் இருந்த தேதியை விட்டுக்கொடுத்து, கடைசித் தேதியைக் காப்பாற்றினார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. பீட்டாவைச் சோதிக்க மூன்று வாரம் கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாரமே கிடைத்தது.

‘சீக்கிரம் விடுங்க’ என்ற ஆயுதம்

இந்தப் பின்வாசல் உள்ளே நுழைந்த கதையிலும் ஒரு ‘ரிலீஸ்’ பஞ்சாயத்து இருக்கிறது. எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர், அதுவும் சம்பளம் இல்லாமல். 2022-ல் சில பெயர்களிலிருந்து அவருக்கு அழுத்தம் வரத் தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம், புதிய பதிப்பு எங்கே, முடியவில்லை என்றால் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமே என்ற ரீதியில். தனக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் அவர் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் உதவிக்கரமாக நின்றவர், ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கியவர். படிப்படியாக நம்பிக்கையைப் பெற்று, புதிய பதிப்புகளை வெளியிடும் அதிகாரத்தையும் பெற்றார். பின்வாசலை வைத்தது அந்தக் கணக்குதான். 2024-ல் பின்வாசல் தயாரானதும், புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று லினக்ஸ் திட்டங்களிடம் கோரிக்கைகளும் போயின.

ஆக, பின்வாசலை உள்ளே கொண்டுவந்தது அவசரம். அதன் சுவடுகளைத் துடைக்க உதவியது, ஒரு வாரத் தாமதம்.

யார் முடிவெடுக்கிறார்கள்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். லினக்ஸ் கெர்னலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் முடிவெடுக்கிறார். வழக்கமாக ஏழாவது ரிலீஸ் கேண்டிடேட்டுக்குப் பிறகு இறுதிப் பதிப்பு வரும். திருப்தி இல்லையென்றால் எட்டாவது ஒன்றை விட்டு, ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்வார்.

ஃபெடோரா லினக்ஸில் ‘கோ/நோ-கோ’ என்றே ஒரு கூட்டம் உண்டு. எந்தப் பிழை இருந்தால் வெளியிடக் கூடாது என்ற விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. 2022 அக்டோபரில், ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘கிரிட்டிகல்’ அளவிலான ஓட்டை இருப்பதாகவும், நவம்பர் 1-ல் அதற்குத் தீர்வு வரும் என்றும் அறிவிப்பு வந்தது. ஃபெடோரா 37 காத்திருந்தது. தீர்வு வந்தபோது அந்த ஓட்டையின் தீவிரம் ‘ஹை’ என்று ஒரு படி குறைக்கப்பட்டது. நவம்பர் 15-ல்தான் ஃபெடோரா 37 வெளியானது.

இவ்வளவு காத்திருந்தது வீணா? பின்னால் நின்று பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால், முடிவெடுக்கும் நாளில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

யாருக்கு நஷ்டம்?

தாமதம் யாரையும் பாதிக்காது என்று சொல்லிவிட முடியாது. பைதானின் தேதியை வைத்துத்தான் அதன் லைப்ரரிகளை எழுதுபவர்கள் தங்கள் வேலையைத் திட்டமிடுகிறார்கள். உபுண்டு 24.04.1 பதிப்பும் 2024 ஆகஸ்ட் 15-லிருந்து 29-க்குத் தள்ளிப்போனது. பழைய 22.04-லிருந்து அப்கிரேட் செய்வதில் இருந்த பிழைகளே காரணம். அந்த .1 பதிப்பு வந்த பிறகே பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு அப்கிரேட் அழைப்பு வரும் என்பதால், அவர்களின் திட்டமும் தள்ளிப்போகும்.

பெரிய தாமதத்துக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டு, ஆறு வாரம் தள்ளி ஜூன் 1-ல் வந்தது. 6.04 என்று இருக்க வேண்டிய பெயர் 6.06 ஆனது. நீண்டகால ஆதரவுடன் வந்த முதல் உபுண்டு அது. பல ஆண்டுகள் மற்றவர்கள் நம்பி ஓட்டப்போகும் ஒன்றுக்கு ஆறு வாரம் கூடுதலாகச் செலவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு உபுண்டு ஏப்ரல், அக்டோபரைத் தவறவிட்டதில்லை.

தேதி மாறினால் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் தேதி அடுத்த முறை மாறினால் மூன்று கேள்விகள் போதும். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்களா? புதிய தேதியைச் சொன்னார்களா? தேவையான அளவுக்கு மட்டும் தள்ளிவைத்தார்களா? பைதான் 3.13, உபுண்டு பீட்டா இரண்டிலும் மூன்றுக்குமே பதில் ‘ஆம்’.

இந்த மூன்றும் இல்லாமல் தேதி மட்டும் நழுவிக்கொண்டே போனால், அந்தத் திட்டத்தில் ஆள் பற்றாக்குறையோ வேறு சிக்கலோ இருக்கலாம். அப்போதும் ‘எப்போ வரும்?’ என்று மட்டும் கேட்பது அங்கே தனியாக உழைப்பவருக்கு இன்னொரு சுமை. எந்தச் சோதனையில் ஆள் தேவை என்று கேட்டு, ரிலீஸ் கேண்டிடேட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பிழையைச் சொன்னால், அடுத்த தேதி தள்ளிப்போகாமல் இருக்க அது உதவும்.