அம்புத் தலையணை

பி. ஆர். சோப்ரா தயாரித்த ‘மகாபாரத்’ தொடர் 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. அப்போது எனக்கு வயது பதினொன்று. திருப்பூர் அன்று கோவை மாவட்டத்து ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் கம்பெனிகள் ஓய்ந்திருக்கும். எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டில் பெரியவர்கள் நாற்காலிகளிலும் சிறுவர்கள் தரையிலுமாக நிறைந்துவிடுவோம். தொடர் இந்தியில் ஓடியது. எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அது குறையாகத் தோன்றவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

சிறுவர்களாகிய நாங்கள் பார்க்க வந்தது கதையை அன்று, ஆயுதக் கலையை. துரோணரின் பயிற்சிக்களம், பீமனும் துரியோதனனும் மோதும் கதாயுதப் போர், வானத்தில் ஒன்றையொன்று எதிர்கொண்டு வெடிக்கும் அம்புகள் ஆகியவையே எங்களுக்கு வேண்டியிருந்தன. தொடர் முடிந்ததும் மூங்கில் சிம்பை வளைத்து, கம்பெனிக் கழிவு நூலை நாணாகக் கட்டி, ஈர்க்குச்சிகளை எய்து திரிவோம். பீமனாக நடித்த பிரவீன் குமார் மெய்யாகவே பெரிய வீரர் என்று யாரோ சொல்ல, அவர்மீது பக்தியே வந்துவிட்டது. அது பொய்யும் அன்று. 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர் அவர்.

மொத்தம் 94 பகுதிகள். அவற்றில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கும் பகுதிகள் வந்தபோது எங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. படுத்திருக்கும் முதியவரைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எழுந்து விளையாடப் போய்விட்டோம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே தொடரை மீண்டும் பார்க்கும் நிலை வந்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது, டிடி பாரதி அலைவரிசை அதை மறு ஒளிபரப்புச் செய்தது. திருப்பூரில் எந்திரங்களின் ஓசை நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டில் என் தந்தை பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அடுக்கிய துணியில் கோடு பிசகாமல் வெட்டிய கை அசைவற்றுக் கிடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. இருவரும் சேர்ந்து அத்தொடரைப் பார்த்தோம்.

இம்முறை போர்க்காட்சிகள் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அம்புகள் மோதும் காட்சியைக் கண்டு சிறிது சிரிப்பும் வந்தது. பத்தாம் நாள் போரில் பீஷ்மர் வீழ்ந்த பிறகு நிகழ்வனவே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தன. உடல் முழுவதையும் அம்புகள் தாங்கியிருக்க, தலை மட்டும் தாங்கலின்றித் தொங்குகிறது. அவர் தலையணை கேட்கிறார். அரசர்கள் மென்மையான பட்டுத் தலையணைகளைக் கொண்டுவரச் செய்கிறார்கள். அவற்றை மறுத்துவிட்டு அர்ச்சுனனைப் பார்க்கிறார். அவன் மூன்று அம்புகளை நிலத்தில் எய்து, தலை சாயத் தாங்கல் அமைக்கிறான். பின்னர் அவர் நீர் கேட்டபோதும் அவ்வாறே. குடங்களில் வந்த நீரை ஒதுக்குகிறார். அர்ச்சுனன் எய்த அம்பு நிலத்தைத் துளைத்து நீரை வரவழைக்கிறது.

கொல்வதற்காகக் கற்ற வில்வித்தை அவ்விடத்தில் பணிவிடையாக மாறுகிறது. பட்டுத் தலையணை கொண்டுவந்தவர்களுக்கும் அன்பு இல்லாமல் இல்லை. அவர்கள் தமக்கு எது சுகமோ அதைக் கொண்டுவந்தார்கள். அர்ச்சுனனோ படுத்திருப்பவருக்கு எது வேண்டும் என்பதை அறிந்தான். அதைச் செய்யும் பயிற்சியும் அவனிடம் இருந்தது. அன்பு, கேட்டறிதல், பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பணிவிடை நிறைவு பெறும். இம்மூன்றில் முதலாவது மட்டுமே என்னிடம் இருந்தது.

பயிற்சி இல்லாததன் விளைவை நான் கண்டேன். தாகம் என்று தந்தை சைகை காட்டியதும், படுத்த நிலையிலேயே டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அவருக்குப் புரையேறி மூச்சுத் திணறிய அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க இயலாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கலாம். நீரோ உணவோ எவ்வாறு கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது, கேட்கவும் இல்லை. பெற்ற தந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவா பாடம் படிக்க வேண்டும் என்ற எண்ணமே காரணம்.

கேட்டறியாததன் விளைவு இன்னொன்று. விலை கூடிய தலையணைகள், பழங்கள், சத்துமாவு என்று அறையை நிரப்பினேன். அவர் முகம் தெளியவில்லை. ஒருநாள் அருகில் அமர்ந்து, “என்னப்பா வேணும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். குழறிய சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ள நெடுநேரமாயிற்று. “கட்டிலத் திருப்பிப் போடு கண்ணு. வாசல் தெரியட்டும்.” அவ்வளவுதான். சுவரைப் பார்த்தபடி மூன்று வாரங்கள் கிடந்திருக்கிறார். கட்டிலைத் திருப்பிப் போட எனக்கு ஐந்து நிமிடங்கள் ஆயின.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காவியத்தில், அம்புகளைக் களைவதில் வல்ல மருத்துவர்களைப் பீஷ்மர் சிறப்புச் செய்து திருப்பி அனுப்பிவிடுகிறார். “எனக்கு வைத்தியம் வேண்டாம்” என்று சலித்துச் சொல்லும் முதியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. பீஷ்மர் தாம் விரும்பும் வேளையில் உயிர் துறக்கும் வரம் பெற்றவர். ஐம்பத்தெட்டு இரவுகள் அம்புகளின்மேல் கிடந்தும் அவரால் பேச முடிந்தது. நம் உடல்கள் அத்தகையன அல்ல. நல்ல மெத்தையில் கிடந்தாலும், திருப்பிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது பொதுவான அறிவுரை. உங்கள் நோயாளிக்கு எவ்வாறு என்பதைச் செவிலியர் சொல்வார்.

ஆகவே என் கருத்து இதுவே: பணிவிடை பிறவியில் வருவதன்று, அதுவும் பயின்று பெற வேண்டிய கலை. ஓவர்லாக் எந்திரத்தில் ஒருவரை அமர்த்துமுன் எத்தனை நாள் பழக்குகிறோம்? பக்கவாதம் வந்த ஒருவரை ஒரே நாளில் மகன் கையிலோ மருமகள் கையிலோ ஒப்படைத்துவிடுகிறோம். வீடு திரும்பும் நாளுக்கு முன்பே செவிலியரிடம் கேளுங்கள். புரட்டிப் படுக்க வைப்பது, தூக்கி உட்கார வைப்பது, உணவூட்டுவது ஆகியவற்றை அவர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் கற்றால் போதாது. அவரும் உறங்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். இருவரேனும் கற்றுக்கொள்ளுங்கள்.

படுத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். வேண்டியதைக் கேளுங்கள். பிறரிடம் கேட்பது இழிவன்று, பீஷ்மரே கேட்டார். வட்டெறிந்து தங்கம் வென்ற பிரவீன் குமாரும் இறுதிக் காலத்தில் உடல்நலக் குறைவால் வீட்டோடு இருந்து, 2022-இல் மறைந்தார். எவ்வளவு வலிய தோளுக்கும் ஒருநாள் மற்றொருவர் கை வேண்டியிருக்கிறது.

என் தந்தை அதன்பின் பதினான்கு மாதங்கள் இருந்தார். தெருவில் போவோர் வருவோரை வாசல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்தவர் எவரேனும் நின்று பேசினால் இடக்கையை உயர்த்துவார். அக்கட்டில் இன்றும் வாசலை நோக்கியே கிடக்கிறது.