நாமே அமைப்போம் ஒரு வலைச்செயலி



உலாவியில் திறந்தவுடன் இயங்கும் விளையாட்டு, கணக்கேடு போன்றவற்றை வலைச்செயலி என்கிறோம். இவற்றைப் பெரிய நிறுவனங்களே அமைக்க இயலும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஒருவரே அடிப்படையிலிருந்து தொடங்கி ஒரு வலைச்செயலியை அமைக்க இயலும்; தமிழ் கற்கும் மாணவர் ஒருமுறையேனும் அவ்வாறு அமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சான்று ஒன்று காண்போம். அமெரிக்காவில் வாழ்ந்த மென்பொருள் பொறியாளர் ஜோஷ் வார்டில், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டறியும் 'வேர்டில்' என்னும் விளையாட்டை அமைத்து, 2021ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் அதனை விளையாடியோர் 90 பேர். இரண்டே மாதங்களில் அத்தொகை 3 இலட்சத்தைக் கடந்தது. நிரலை அவர் ஒருவரே எழுதினார். ஆயினும், ஏறத்தாழ 12,000 சொற்களுள் பலரும் அறிந்தவற்றைத் தெரிந்தெடுத்துத் தந்தவர் அவர்தம் துணைவியார். தனித்து அமைப்போர்க்கும் பிறர் கண் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இத்தகைய விளையாட்டைத் தமிழில் அமைக்க முனைந்தால் ஒரு சிக்கல் எழும். 'மாங்காய்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பங்காருபாளையம் சந்தையில் கோடைதோறும் குவிவது அதுதானே! இலக்கணப்படி அச்சொல்லில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையிலோ அது மகரம், கால், ஙகரம், புள்ளி, ககரம், கால், யகரம், புள்ளி என எட்டுக் குறியீடுகளாகப் பதிகிறது. ஆகவே, எளிய நிரல் அதனை எட்டு என்றே எண்ணும். துணைக்குறியைத் தனியே எண்ணாமல், அதற்குரிய எழுத்தோடு சேர்த்து எண்ணுமாறு விதி வகுக்க வல்லவர் யார்? மெய்யும் உயிர்மெய்யும் இன்னவை என அறிந்தவரே. வகுப்பில் கற்கும் எழுத்திலக்கணம் இங்கே நிரலின் விதியாகிறது.

"ஆயத்தக் கருவிகள் பல இருக்க, இவ்வுழைப்பு எதற்கு?" எனச் சிலர் வினவலாம். அன்றாடப் பணிக்கு அக்கருவிகள் நல்லனவே. ஆனால், அவற்றுள் ஒன்று நான்கை எட்டென்று எண்ணும்போது, உள்ளே நிகழ்வதை அறிந்தவரால்தான் அதனைத் திருத்த முடியும்.

மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பின்னர், செல்பேசியில் தமிழ் எழுதச் 'செல்லினம்' தந்தார். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்பவரும் தமிழுக்குக் கருவி செய்யலாம் என்பதற்கு அவரே சான்று. நீங்களும் தெலுங்கு வழங்கும் மண்ணில் வாழ்ந்து, விருப்பப் பாடமாகத் தமிழ் கற்கிறீர்கள். அதனை மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதாகக் கருத வேண்டா.

முதலில் இருபது சொற்கள் கொண்ட சிறு விளையாட்டே போதும். பக்கத்தின் அமைப்பிற்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்திற்குச் சி.எஸ்.எஸ்., இயக்கத்திற்கு ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் ஓரளவு அறிந்தால் தொடங்கலாம். முடித்ததும் வீட்டில் பாட்டியாரிடம் கொடுத்து விளையாடச் செய்யுங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள்.