ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் கசிவைக் கேளுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் நாமக்கல், சேலம் பகுதி ஒர்க்‌ஷாப்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: “ஏ.சி. குளிரவே மாட்டேங்குதுங்ணா.” பதிலும் தயாராக இருக்கும்: “கேஸ் கம்மியா இருக்கும். அடிச்சு விட்டா சரியாப் போயிரும்.” கேஸ் ஏற்றியதும் குளிர்கிறது. அடுத்த கோடையில், சில வண்டிகளில் அடுத்த மாதமே, மறுபடி அதே கதை. வண்டிக்காரரின் பணத்தைக் கரைக்கும் இந்தப் பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

கேஸ் எங்கே போகிறது?

ஏ.சி. கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. வண்டியின் முன்பக்கமுள்ள கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரசருக்கே வருகிறது. சுற்றிச் சுற்றி ஓடுவது அதே கேஸ்தான்.

ரப்பர் ஹோஸ், சீல் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் குறைவது இயல்பு. வருஷா வருஷம் ஏற்ற வேண்டியிருந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, பஞ்சர் ஒட்டாமல் காற்று அடிப்பதைப் போன்றது.

குறை கேஸில்தானா?

குளிராத ஏ.சி. எல்லாவற்றுக்கும் கேஸ் காரணமல்ல. கீழே உள்ளவற்றை வண்டிக்காரரே கவனிக்கலாம்.

* காற்று குளிர்ச்சியாக இருந்தும் வேகம் குறைவு என்றால், கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம். பல கார்களில் இது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.
* காற்று வேகமாக வந்தும் குளிரவில்லை என்றால், வெளிக்காற்றை எடுக்கும் நிலையில் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். உள்காற்றையே சுழலவிட்டால் சீக்கிரம் குளிரும்.
* ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர் குறைந்தால், கண்டன்சர் ஃபேன் மீதோ கண்டன்சரில் படிந்த மண், பூச்சி மீதோ சந்தேகப்படலாம். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.
* ஏ.சி.யைப் போட்டதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு கம்ப்ரசர் சேரும் வண்டிகளில் அந்தச் சத்தம் வரவில்லை என்றால், ஃபியூஸ், ரிலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் ரொம்பக் குறைந்தாலும் கம்ப்ரசர் ஓடாது.
* பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அங்கே கசிவுக்கு வாய்ப்பு அதிகம். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியேறும்.

பைப்பைக் கழற்றும் வேலையை மட்டும் யாரும் சொந்தமாகச் செய்யக் கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறையவைத்துக் காயப்படுத்தும்.

நாமக்கல்லுக்கு ஏன் முக்கியம்?

இது இனி கார் வைத்திருப்போர் பிரச்சினை மட்டுமல்ல. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்களில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. லாரிக்கும் பாடி கட்டும் தொழிலுக்கும் பேர்போன நாமக்கல்லுக்கு இது பெரிய மாற்றம். இன்ஜின் சூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு ஏ.சி. சொகுசு அல்ல, களைப்பையும் கண்ணயர்வையும் தள்ளிவைக்கும் பாதுகாப்பு. அந்த ஏ.சி. இரண்டாவது கோடையிலேயே வெறும் ஃபேனாகிப்போனால் சட்டம் போட்டும் பலனில்லை.

கேடு வண்டியோடு நிற்பதும் இல்லை. இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,300 மடங்கு வலியது. அரை கிலோ கசிந்தால், அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது.

மூன்று கேள்விகள்

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கசிவு தேட நேரமாகும். “அதெல்லாம் வேண்டாம், சட்டுனு அடிச்சு விடுங்க” என்று அவசரப்படுத்துவது பல நேரம் வண்டிக்காரர்தான். லோடு காத்திருக்கும்போது அந்த அவசரம் புரியக்கூடியதே. ஆனால் பாதி வழியில் மறுபடி நிற்பதைவிட, அரை நாள் பொறுப்பது லாபம்.

எனவே கேஸ் அடிக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். கசிவு எங்கே? பழுது பார்த்த பிறகு வேக்குவம் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்தீர்களா? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? வண்டிக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். அளவு கூடினாலும் குளிர் குறையும். வேறு கேஸைக் கலந்தால் கம்ப்ரசருக்கே ஆபத்து.

இந்த மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுப்பதை ஒர்க்‌ஷாப்கள் வழக்கமாக்க வேண்டும். ஐ.டி.ஐ.களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து, வாகன ஏ.சி. கசிவு கண்டறியும் பயிற்சியை இங்கேயே நடத்தலாம். ஏ.சி. கேபின் லாரிகள் பழுதுக்கு வரிசை கட்டும் முன் அதைத் தொடங்குவதே நல்லது.