ரத்தான வாரண்டில் கைது: இழப்பீடு உடனே வேண்டும்

2002 ஆகஸ்ட் 15, சுதந்திர தினம். மும்பையில் வழக்கறிஞர் ஒருவரை, ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்டைக் காட்டி போலீசார் கைது செய்தனர். அந்த வாரண்டை மூன்று நாட்களுக்கு முன்பே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்ட பிறகே அவர் வெளியே வந்தார். சட்டம் படித்தவர் என்பதால் விடாமல் வழக்கு நடத்தினார். பம்பாய் உயர் நீதிமன்றம் இன்ஸ்பெக்டரைத் தரச் சொன்ன இழப்பீடு 2,000 ரூபாய். 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உயர்த்தவில்லை. ஒன்பது ஆண்டுகள் போராடி இவ்வளவுதான் கிடைக்கும் என்றால், ஒரு கல்குவாரித் தொழிலாளி எந்த நம்பிக்கையில் கோர்ட் படி ஏறுவார்?

நம் சட்டத்தில் வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றும் வரை, அல்லது கோர்ட் ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. எனவே ரத்தான செய்தி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. வாய்தாவுக்கு வராமல் போனவர் ரீகால் மனு போட்டு, வாரண்டை ரத்து செய்து வாங்கினாலும், ஸ்டேஷன் பதிவேட்டில் அது நிலுவையாகவே கிடக்கலாம். ‘உத்தரவு நகலைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்’ என்று வக்கீல் சொல்லி அனுப்ப வேண்டியிருப்பது அதனால்தான். கோர்ட்டும் போலீசும் பார்க்க வேண்டிய வேலையைக் குடிமகன் தலையில் கட்டுவது அநியாயம்.

அதே 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழிமுறை வகுத்தது: வாரண்டுக்கு வரிசை எண், பதிவேடு, திருப்பி அனுப்ப வேண்டிய தேதி, ரத்தானால் போலீசுக்கு உடனே தகவல்.

அதைப் பின்பற்றாமல் ஒருவரைக் கைது செய்துவிட்டால் நிவாரணம் எங்கே? காரணமின்றிக் கைதானவருக்கு இழப்பீடு தரும், அதே சன்ஹிதாவின் 399ஆவது பிரிவின் உச்சவரம்பு 1,000 ரூபாய்; அதையும் கைதுக்குக் காரணமான புகார்தாரர்தான் தர வேண்டும். தவறு கோர்ட் அலுவலகத்திலோ ஸ்டேஷனிலோ நடந்திருந்தால் அந்தப் பிரிவால் பயனில்லை. மனித உரிமை ஆணையத்தில் புகார் தரலாம்; உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் வைக்கப்பட்டவருக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் தரச் சொன்னது முதல் இந்தப் பாதை திறந்தே இருக்கிறது. ஆனால் அதில் நடக்கப் பணமும் பொறுமையும் வேண்டும்.

சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு தரச் சொல்லும் சர்வதேச உடன்படிக்கையின் விதியை, 1979இல் சேரும்போதே இந்தியா ஒதுக்கி வைத்தது. அந்த ஒதுக்கீடு பொருளிழந்துவிட்டது என்று காவல் சித்திரவதை குறித்த டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லை.

399ஆவது பிரிவை அரசுக்கும் பொருந்தும்படி விரிவாக்க வேண்டும். 1,000 ரூபாய் வரம்பை நீக்க வேண்டும். வாரண்ட் ஏற்கெனவே ரத்தானது என்று தெரிந்த அன்றே, ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்டவரை விடுவித்து, இடைக்கால இழப்பீடு தர மாஜிஸ்திரேட்டே உத்தரவிட வேண்டும். ஆதாரம் கோர்ட் கட்டிலேயே இருக்கும்போது அவரை இன்னொரு கோர்ட்டுக்கு அலையவிடுவது ஏன்? பணத்தை அரசு முதலில் கொடுக்கட்டும்; தவறு செய்த ஊழியரிடம் பிறகு வசூலிக்கட்டும். திருத்தம் வரும்வரை, பழைய வாரண்டோடு ஒருவர் வீட்டுக்குப் போகும் முன் அது நிலுவையில் இருக்கிறதா என்று அன்றைய தேதியில் கோர்ட்டில் கேட்டுப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி, சென்னை உயர் நீதிமன்றமும் டி.ஜி.பி.யும் இப்போதே சுற்றறிக்கை அனுப்பலாம்.