ஒரே வீட்டில் வளர்ந்த இருவர்

கொழும்புக்குச் சங்க வேலையாகப் போகும் நம் தலைவர்மார் பலர் கொட்டாஞ்சேனைப் பக்கம் பொன்னம்பலவாணேசர் கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். பக்கத்துக் கடைகளில் வேலைக்கு நிற்கும் நம் தோட்டத்துப் பொடியன்மாரையும் அங்கே காணலாம். அந்தக் கோவிலை முதலில் கட்டியவர் பொன்னம்பல முதலியார். பிறகு கருங்கல்லால் திரும்பக் கட்டியவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இன்னொரு மகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இருவரையும் தேசத் தலைவர்கள் என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் இருவரும் ஒன்றல்ல.

நம் பாட்டன்மார் காலத்துச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அதில் தொழிலாளியின் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கொடுத்தவன் தோட்டத்துக்கு ஆள் போவான், மாட்டைக் கைமாற்றுவது போல. கொழும்பில் படித்த தமிழர் பெரும்பாலோருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. 'கூலி' என்றால் அப்படித்தான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அருணாசலமும் அதே வீட்டில், அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தான். ஆனால் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1919இல், நம் மலையகத்தில் பிறந்து வழக்கறிஞரான பெரி சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வேலையை விட்டதற்காக மனிதனைச் சிறையில் போடும் சட்டம் கூடாது என்று வாதாடினார். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அதையொட்டியே போனது. அவர் ஒருவரால் மட்டும் நடந்ததல்ல; இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் இருந்தது. ஆனாலும் யாரும் பேசாத நேரத்தில் பேசினார்.

அவருக்கு மட்டும் எப்படிக் கண் திறந்தது? நாம் நினைப்பது இதுதான். அவர் பல ஊர்களில் நீதவானாக இருந்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, இந்த நாட்டில் யார் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர். தோட்டத்தை விட்டு ஓடியவர்களைக் கூண்டில் ஏற்றியது அந்தக் காலத்து நீதவான் நீதிமன்றங்களில்தான். வீட்டில் கேட்ட 'கூலி' வேறு, கூண்டில் நின்ற ஆள் வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் இராமநாதன் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. 1915 கலவரத்துக்குப் பிறகு சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர். யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று பெரிய கல்லூரி கட்டியவர். ஆனால் டொனமூர் ஆணைக்குழு வந்து எல்லாருக்கும் வாக்குரிமை என்றபோது எதிர்த்து நின்றார். பெண்களுக்குக் கூடாது, சாதியில் கீழ் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கூடாது என்றார். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவருக்கு அவள் கையில் வாக்கைக் கொடுக்க மனம் வரவில்லை. 1931இல் அவரையும் மீறித்தான் வாக்கு வந்தது. நிபந்தனைகளோடு என்றாலும் நம்மவர்களுக்கும் வந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அதைப் பறிக்க வழி செய்த கதை உங்களுக்குத் தெரியும்.

நூறு வருஷம் போய்விட்டது. இன்றைக்கும் வெள்ளவத்தை மாடிவீடுகளில் சமையல் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். நம் பாஷையையே பேசும் வாயிலிருந்து 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வருகிறது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்ட பின்னும் தரகர்கள் லயத்துக்கு வராமலில்லை. இதைப் பற்றிக் கூட்டத்தில் பேசினால் கைதட்டு பலமாக விழும்.

அதே கூட்டத்தில் நம்மைப் பற்றிப் பேசினால் அவ்வளவு கைதட்டு விழாது. மலையில் கூடையோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தாவும் அவர்கள் பேரில்தான் கூடுதலாகப் பிடிபடுகிறது. தோட்டக் கமிட்டித் தலைவர் மட்டும் ஆண். மாதர் சங்கத் தலைவி என்று ஒருத்தர் இருப்பார். கூட்டத்தில் வரவேற்புரையோடு அவர் வேலை முடிந்துவிடும். பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தொல்லை என்று நாம் சொல்வதும், அன்றைக்கு இராமநாதன் சொன்னதும் எவ்வளவு தூரம்? லயத்துக் கோவில் திருவிழாவில் எந்த வீட்டாருக்கு முதல் தீபம், எந்த வீட்டார் பின்னால் நிற்பது என்று நாம் வைத்திருக்கும் கணக்கை வெள்ளவத்தைக்காரர் வந்து எழுதித் தரவில்லையே! இதை எழுதும் நாமும் அந்த வரிசையில் முன்னால் நின்று திருநீறு வாங்கியவர்கள்தான்.

அடுத்த கமிட்டித் தெரிவுக்கு முன் ஒரு தோட்டத்தில் பெண்களை உட்காரவைத்துக் கேட்டோம், ஏன் யாருமே பேர் கொடுப்பதில்லை என்று. பயம், படிப்பில்லை என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்த ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, நீங்க கூட்டத்தை ஆறு மணிக்கு வைக்கிறீங்க. அந்த நேரத்துல அடுப்பை யாரு பார்க்கிறது?"

ஆறு மணி என்று முடிவு செய்தவர்கள் நாங்கள்தான். இனி அங்கே கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மூன்று பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தலைவர் பதவிக்கே கேட்கிறார்.